நம் ஈக்கள் மருந்தில் சாகவில்லை

ஜெபா,

உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். அதனால் எழுத்தைப் பெரிதாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆனாலும் பரவாயில்லை, யாரிடமும் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதே. போனில் சொல்லியிருக்கலாம்தான். போன் என்றால் நீ நடுவில் "சரிம்மா, விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இத்தனை வருஷமாக அப்படி விட்டு விட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் நீ கட்டிக்கொள்ளப் போகிற ஸ்டெல்லா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளுடைய அப்பா என்னிடம், நான் ஒரு காலத்தில் பம்பாயில் தேனீ வளர்த்தேனாமே, உண்மையா என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். "ஆமா அங்கிள், ரெண்டு பெட்டி. பக்கத்து ரூம்ல கொசு மருந்து அடிக்கிற ஆளு ஒருத்தன் இருந்தான். ஒரே நாள்ல ரெண்டையும் மருந்தடிச்சுக் கொன்னுட்டான். எங்கம்மா விடுவாங்களா? கம்ப்ளெய்ண்ட் குடுத்து அவன் வேலையையே காலி பண்ணிட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்ககிட்ட ஜாக்கிரதையா இருக்கணும் போல" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ வேலைக்குத் திரும்ப பரோடா ரயிலில் ஏறிக் கை காட்டும் வரைக்கும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே நினைத்தேன். சொல்லவில்லை.

செல்லையா மாமா நம் ஈக்களுக்கு மருந்து அடிக்கவில்லை. அவற்றைக் கொன்றது நான்.

நீ பிறந்து வளர்ந்த அந்தச் செம்பூரை இன்று யாருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து தேவ்நார் போகிற வழியில், ஓடு போட்ட நீள வரிசையில் பதினாறு ரூம்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க்குழாய். முன்னால் சாக்கடை, பின்னால் யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம். அதில் இரண்டு முருங்கை, ஒரு பெரிய நாவல் மரம். அதற்கு அப்பால் தேவ்நார் வரைக்கும் புல்லும் காய்கறித் தோட்டமும்தான். உன் அப்பா காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் பின்வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார். சட்டையைக் கழற்றி முருங்கைக் கிளையில் மாட்டுவார். நான் டீயைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். ரேடியோ கூடக் கிடையாது. பேசுவதற்கும் அதிகம் இருக்காது. ஆனால் அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகிவிடுகிறது.

எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் கோழி வளர்க்கிற மாதிரி வீட்டுக்கு வீடு ஈ வளர்ப்பார்கள். கல்யாணமாகி வரும்போது நான் என் வெண்கலப் பாத்திரங்களை ஒரு காலி ஈப்பெட்டிக்குள்தான் அடுக்கிக் கொண்டுவந்தேன். தாதர் ஸ்டேஷனில் அதைத் தூக்கிய உன் அப்பா, "இது என்னட்டி பெட்டி, அடியில ஓட்டையோட?" என்று கேட்டார். ஈ போய்வருகிற வாசல் அது என்றதும், பிளாட்பாரம் என்றுகூடப் பார்க்காமல் சிரித்தார். அந்தப் பெட்டி நாலு வருஷம் நம் ரூமில் உருளைக்கிழங்கு வைக்கத்தான் ஆயிற்று. பம்பாயில் ஈக்கு எங்கே போவது?

ஈயைக் கொண்டுவந்து கொடுத்தது செல்லையா அண்ணாச்சிதான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நமக்கு அடுத்த ரூம். மனைவி பொன்னம்மா மதினி, மகள் இசக்கி. உன் வயதுதான் அவளுக்கு. அண்ணாச்சி காக்கி டிராயர் போட்டு, முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, சாக்கடை சாக்கடையாகக் கொசு மருந்து அடிக்கிற வேலை பார்த்தார். முனிசிபாலிட்டியில் டெம்பரவரி வேலை. ஒருநாள் மத்தியானம் பம்பைக் கூட இறக்காமல் நம் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அங்க ஒரு பில்டிங்ல மீட்டர் பெட்டிக்குள்ள ஈ கூடு கட்டிருக்கு. மருந்தடிச்சுரச் சொல்லுதாங்க. ரெண்டு நிமிஷ வேலதான். அடிக்க மனசு வரல. ஒங்க ஊர்ல ஈ வளப்பாங்கன்னு சொன்னியளே, வந்து எடுத்துக்கிடுதியளா?"

உருளைக்கிழங்கைக் கொட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உன்னைப் பொன்னம்மா மதினியிடம் விட்டுவிட்டு ஓடினேன். அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்துப் புகையை ஊத, நான் அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்து, வாழைநார் கொண்டு பெட்டியின் மரச்சட்டத்தில் கட்டினேன். ராணியைத் தீப்பெட்டிக்குள் பிடித்து உள்ளே வைத்ததும் மற்ற ஈக்களெல்லாம் வரிசையாகப் பெட்டிக்குள் நடந்து போயின. அண்ணாச்சிக்குக் காதில் ஒரு கொட்டு. அந்தக் காது அப்பம் மாதிரி வீங்கிப்போய் நிற்க, அவர் குழந்தை போலச் சிரித்துக்கொண்டே, "எம்மா, இது நம்ம ஊர் போலீசு அணிவகுப்புல்லா!" என்றார். மறுவருஷம் கூட்டம் பெருகிப் பிரிந்தபோது இரண்டாவது பெட்டியைப் பழைய பலகைகளை இழைத்து அவர்தான் செய்து தந்தார். முதல் தேன் எடுத்த அன்று பாவ் ரொட்டியைப் பிய்த்துத் தேனில் தோய்த்து உனக்கும் இசக்கிக்கும் கொடுத்தேன். இரண்டு பேரும் மெழுகைக் கூடத் துப்பாமல் சூயிங்கம் போல மென்றுகொண்டு, சாயங்காலம் வரைக்கும் வரிசை முழுக்கச் சுற்றினீர்கள். நாவல் பூத்த மாசத்தில் பின்வாசலில் நின்றால் மரமே முனகுகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்த இரண்டு மூன்று வருஷங்கள்தான், மக்கா, என் வாழ்க்கையில் நான் அலட்டிக்கொள்ளாமல் சந்தோஷமாக இருந்த காலம்.

அலட்டல் பிறகு வந்தது. உன் மாமாவுக்கு ஊரில் மே மாசம் கல்யாணம். பம்பாயில் நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் காட்ட வேண்டாமா? நகையும் பட்டும் கொண்டுபோக நமக்கு வழி இல்லை. தேன் இருந்தது. இரண்டு பெட்டியிலும் மேலடை, கீழடை என்று பார்க்காமல் கடைசி அறை வரைக்கும் பிழிந்து எடுத்தேன். கீழடையில் இருக்கிற தேன் ஈயின் சாப்பாடு, மழைக்காலத்துக்கு அது சேர்த்து வைத்தது, அதைத் தொடக்கூடாது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கல்யாண வீட்டில் பாட்டில் பாட்டிலாக அடுக்கி வைத்தபோது எல்லோரும் "பம்பாய்த் தேனா, பம்பாய்த் தேனா" என்று வந்து வந்து நக்கிப் பார்த்தார்கள். என் அப்பா மட்டும் ஒரு பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெட்டியில எவ்வளவு விட்டுட்டு வந்த மக்களே?" என்று கேட்டார். "பாதி விட்டிருக்கேன் அப்பா" என்றேன். கூசாமல் சொன்னேன்.

திரும்பி வந்தபோது மழை தொடங்கிவிட்டது. அந்த வருஷம் சூரியனையே பார்க்க முடியவில்லை. ஈ வெளியே போனால்தானே தேன்? இப்படிப்பட்ட நாளில் சீனிப்பாகு காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, ஈ முங்கிப் போகாமல் இருக்க ஒரு ஈர்க்குச்சியும் போட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ரேஷன் சீனி கொஞ்சம்தான் வரும். வந்தது நம் டீக்கே சரியாக இருந்தது. மழை விட்டதும் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஜூன் கடைசியில் ஈக்கள் வரிசையில் ஒவ்வொரு அடுப்படியாக நுழைந்து வெல்லத்தையும் சீனி டப்பாவையும் மொய்க்க ஆரம்பித்தன. இசக்கி கையில் வெல்லக்கட்டியை வைத்துக்கொண்டிருந்தபோது கண்ணுக்கு அடியில் ஒரு ஈ கொட்டிவிட்டது. முகமே தெரியாமல் வீங்கிப்போயிற்று. பொன்னம்மா மதினி குழாயடியில் நின்று, "ஒருநா இல்லாட்டி ஒருநா ஒங்க ஈக்கு நானே மருந்து அடிச்சிருவேன் பாத்துக்கிடுங்க" என்று கத்தினாள். பெற்ற வயிறு, கத்தத்தானே செய்யும்? ஈ ஏன் வீட்டுக்குள் வருகிறது என்று நான் அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் கழித்துப் பெட்டி வாசலில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் இழுத்துப் போடப்பட்டுக் கிடந்தன. ஏதோ புழுநோய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புழுநோய் என்றால் புழு நிறம் மாறி இளகிப்போயிருக்கும், அடையில் புளித்த நாற்றம் அடிக்கும். இந்தப் புழுக்கள் பால் போல வெளுப்பாக, முழுசாக இருந்தன. சாப்பாடு இல்லாவிட்டால் ஈ தன் பிள்ளைகளைத்தான் முதலில் வெளியே தள்ளும்.

ஜூலை நடுவில் ஒரு காலை மழை நின்றது. பின்வாசலுக்குப் போனேன். சத்தமே இல்லை. முதல் பெட்டியைத் திறந்தால் அடித்தளத்தில் கைப்பிடி கைப்பிடியாகச் செத்த ஈ. இரண்டாவது பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், அதிலும் அப்படியே. ஒரே சமயத்தில் இரண்டு பெட்டியும் எப்படிச் சாகும்? முந்தின நாள்தான் அண்ணாச்சியும் இன்னும் இரண்டு பேரும் நம் சாக்கடைக்கு மருந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவ்வளவுதான், என் புத்தி அதிலேயே போய் நின்றுகொண்டது. முதல் பெட்டியிலிருந்து ஒரு சட்டத்தை அடையோடு உருவிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பதினாறு ரூம் பெண்களும் வாளியோடு நின்றார்கள். அண்ணாச்சி பல் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தை அவர் காலடியில் எறிந்தேன்.

"எனக்க ஈயள எதுக்கு அண்ணாச்சி கொன்னிய? பிள்ளையக் கொட்டினதுக்குப் பழி தீத்தியளா? எனக்க பிள்ளையளாட்டும் வளத்தேனே!"

அவர் குனிந்து சட்டத்தை எடுத்தார். மேலும் கீழும் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். வாயை என்னவோ சொல்லத் திறந்தார். நான் அதற்குள் அழுதுகொண்டு கத்த ஆரம்பித்துவிட்டேன். அவர் சட்டத்தை மெதுவாகக் கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மத்தியானம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்து, "செல்லையா மாமாவாம்மா கொன்னாங்க?" என்று கேட்டாய். "ஆமா, திங்கு" என்றேன்.

அன்று சாயங்காலம் பெட்டிகளைக் கழுவுவதற்காகத் தூக்கினேன். காலிக் கூடை போல வந்தது. அடைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மெழுகுப் பூச்சி அரித்தால் நூலாம்படை பின்னியிருக்கும், இல்லை. எறும்பு இல்லை. மருந்து என்றால் வெளியே பறந்துபோன ஈதான் முதலில் விழும், வாசலுக்கு முன்னால் குவிந்து கிடக்கும், நாக்கு நீண்டு தொங்கும். இங்கே வாசலுக்கு வெளியே பத்து ஈ கூட இல்லை. அடை முழுக்க ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒவ்வொரு ஈ தலையை நுழைத்து, வால் மட்டும் வெளியே தெரியச் செத்திருந்தது. அறையின் அடியில் ஒட்டியிருக்கிற கடைசித் துளிக்காகத் தலையை விட்டு அப்படியே போய்ச் சேர்ந்திருந்தன. பட்டினி கிடந்தால் ஈக்கூட்டம் பெட்டியை விட்டே பறந்து போய்விடும். மழை அதற்கும் வழி விடவில்லை. ஒன்றையொன்று பிடுங்கித் தின்னவும் தெரியாது ஈக்கு. இருப்பதை எல்லாமும் பங்கிட்டுக் குடிக்கும். அதனால்தான் தீரும்போது எல்லோருக்கும் ஒன்றாகத் தீர்ந்துவிடுகிறது. பார்க்கிறவனுக்குத் திடீரென்று செத்த மாதிரி இருக்கும். ஒரு துளி தேன் இல்லை, ஜெபா, அந்த இரண்டு பெட்டியிலும்.

மறுநாள் காலை காலனி செக்ரட்டரி ஒரு காகிதத்தில் புகார் எழுதிக்கொண்டு வந்தார். ஆபீஸ் மருந்தைச் சொந்தப் பகைக்கு எடுத்துப் பயன்படுத்தினார் என்று. "பாயி, இதர் சைன் கரோ" என்று விரலால் காட்டினார். வரிசை முழுவதும் எனக்காகப் பரிதாபப்பட்டுக் கொண்டு பார்த்து நின்றது. நான் கையெழுத்துப் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். தெரிந்துதான் போட்டேன். குழாயடியில் அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு, நான்தான் பட்டினி போட்டேன் என்று போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அண்ணாச்சியிடமிருந்து பம்பை வாங்கி வைத்துக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மாசம் முடிவதற்குள் ரூமைக் காலி செய்து தாராவியில் அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இசக்கி கை வண்டியில் மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு உனக்குக் கை காட்டினாள். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்காமல் நின்றாய்.

அக்டோபரில் மாட்டுங்கா மார்க்கெட்டில் பொன்னம்மா மதினியைப் பார்த்தேன். ஒரு பூக்கடையில் தரையில் உட்கார்ந்து கூலிக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி நடப்பதற்குள் பார்த்துவிட்டாள். "அவுகளுக்கு இன்னும் வேல கிடைக்கல. மருந்துக்காரன்னு சொன்னா ஆபீஸ்ல உள்ளயே விட மாட்டங்காங்க. இசக்கி பள்ளிக்கூடத்துக்குப் போகல" என்றாள். திட்டவில்லை. கை பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது. நான் காய் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு அவரே, "நீ போ. நானும் வரட்டுமா?" என்றார். நான் மட்டும் போனேன்.

தாராவியில் தோல் கிட்டங்கிகளுக்குப் பின்னால், ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்தில் அவர்கள் இருந்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் எழுந்து பாயைப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் தங்கச்சி" என்றார்.

"எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"மருந்துல சாவுற பூச்சியத்தானே தெனமும் பாக்கேன். நீங்க எறிஞ்ச சட்டத்துல ஒண்ணாவது மருந்துல செத்ததா? அத்தனையும் தலைய உள்ள விட்டுல்லா கெடந்துச்சு. சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க கேக்குற நெலமைல இல்ல. சரி, மீதிப் பெட்டியப் பாத்தா ஒங்களுக்கே தெரிஞ்சிரும், சாயந்திரம் வருவியன்னு இருந்தேன். அன்னைக்கி வரல. மறுநாளும் வரல."

அந்த "மறுநாளும் வரல" என்கிறதை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பொன்னம்மா மதினி அடுப்புப் பக்கத்திலிருந்து, "இப்பம் வந்து சொன்னதால ஒங்க மனசு லேசாயிரும். எங்களுக்கு என்ன ஆவும்?" என்றாள். ஒரு வாய் தண்ணீர் கூட அவள் எனக்குத் தரவில்லை. தந்திருந்தால்தான் தப்பு.

அடுத்த நாளே செக்ரட்டரியிடம் போய், புகார் பொய் என்று எழுதி வாங்கிக் கொண்டுபோனேன். வார்டு ஆபீசில் இருந்த அதிகாரி படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "தோ தும்னே ஜூட் போலா தா?" என்று கேட்டார். "ஹாங் சாப்" என்று பொய்யை ஒத்துக்கொண்டேன். அவர் இன்னொரு முறையும் கேட்டார், பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி. இன்னொரு முறையும் சொன்னேன். அன்று சாயங்காலம் குழாயடியில் நின்று எல்லோரிடமும் சொன்னேன். சிலர் அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை விட்டார்கள். அண்ணாச்சியை மறுபடி எடுத்துக்கொள்ள மேலும் நாலு மாசம் ஆயிற்று. அதுவும் செம்பூரில் இல்லை, காட்கோபர் பக்கம். அவர்கள் நம் வரிசைக்குத் திரும்பி வரவே இல்லை. அண்ணாச்சி எப்போதாவது குர்லா ஸ்டேஷனில் எதிரே வந்தால் தலையை ஆட்டுவார். நான் பெட்டிகளை உடைத்து விறகாக எரித்தேன். பிறகு ஈ வளர்க்கவில்லை.

எல்லோரிடமும் சொன்னவள் உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. ஆறு வயசுப் பிள்ளை, மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். உண்மையில், உன் முன்னால் மட்டும் நல்லவளாக இருந்துவிட்டுப் போகலாமே என்ற ஆசைதான். நீ மறக்கவில்லை. அதை வளர்த்து, அலங்காரம் பண்ணி, உன் கல்யாணத்துக்கே சீர் போலக் கொண்டுபோயிருக்கிறாய். உனக்கு நான் புத்தி சொல்லத் தகுதி உள்ளவள் இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதாவது செத்துப்போன மாதிரித் தோன்றினால், யார் செய்தது என்று வாசலில் போய்க் கத்துவதற்கு முன்னால் பெட்டியைத் தூக்கிப் பார். கனம் இருக்கிறதா என்று பார்.

வியாழக்கிழமை கல்யாணப் பத்திரிகை வந்தது. முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் பஸ் ஏறினேன். அதே சந்து, அதே வீடு. இப்போது மேலே ஒரு மாடி. அண்ணாச்சி இறந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? இசக்கி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள், டியூட்டிக்குப் போயிருந்தாள். பொன்னம்மா மதினிக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. பத்திரிகையை வாங்கிப் பிரித்து உன் பெயரை விரலால் தடவினாள். சந்தோஷப்படுகிறாள் என்றே நினைத்தேன்.

"அவன்ட்ட சொல்லிட்டியளா?" என்று கேட்டாள்.

"எத மதினி?"

"எம் புருசன் கொல்லலைன்னு. என் மவ வேல பாக்குற ஆஸ்பத்திரிக்கு ஒங்க மவன் ஒருநா வந்திருக்கான், யாரையோ பாக்க. இவளா வலியப் போய்ப் பேசியிருக்கா. 'ஓ, அந்த மருந்து மாமா மவளா'ன்னு சிரிச்சானாம். வீட்டுக்கு வந்து இவ ஒரு வாய் சாப்பிடல."

அவள் பத்திரிகையைப் பழையபடி மடித்து, உறைக்குள் போட்டு, என் கையில் வைத்தாள்.

"மொதல்ல அவன்ட்ட சொல்லிட்டு வாங்க. அப்புறம் இதக் குடுங்க, வாங்கிக்கிடுதேன்."

பத்திரிகை என் கைப்பையில்தான் இருக்கிறது, ஜெபா. இதைப் படித்து முடித்தாய் என்று ஒரு வரி எழுது. இல்லை, வருகிற சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு நீயே வா. பஸ்ஸில் நான் உன்னோடு வருகிறேன். ஆனால் அந்தச் சந்துக்குள் நீ முன்னால் நட.

உன் அம்மா